இயல் 7: வெள்ளணுவின் மேல் எழுதியிருப்பதைப் படித்தல் – தீவு ஆய்வகத்துக்கான செய்முறை

லீஷ்மன் சாயம் ஏற்றிய ரத்தப்படலம் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். மடல் மடலாகப் பிரிந்த கருவைக் கண்டதும் நியூட்ரோபில் என்று சொல்லிவிடலாம். செம்மணிகள் நிறைந்திருந்தால் அது ஈயோசினோபில். லிம்போசைட் வந்ததும் கண் திகைத்து நின்றுவிடும். உருண்டைக் கரு, சுற்றிலும் மெல்லிய நீல விளிம்பு. எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்லும் அப்படித்தான் இருக்கும். நோயுற்ற செல்லைக் கொல்லும் டி செல்லும் அப்படித்தான். மற்றப் படைகளை ஏவிவிடும் உதவி டி செல்லும் அப்படித்தான். எச்ஐவி முதன்மையாக அழிப்பது கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வகையை. அதில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று கண்ணால் எண்ண வழியே இல்லை. செல்லின் மேலுறையில் துருத்தி நிற்கும் புரதங்களைக் கொண்டுதான் இனம் பிரிக்க வேண்டும்.

அந்தமான் நிக்கோபாரில் ஆய்வக நுட்புநராக வேலை பார்ப்பவர்களுக்கும் அதற்குப் படிப்பவர்களுக்கும் அந்த வேலையைக் கற்றுத் தருவது இந்த இயலின் நோக்கம். பெருநகர மருத்துவமனைகளுக்காக எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகளில், ரத்தக் குழாய் மாடியிலிருந்து மின்தூக்கியில் இறங்கி வந்துவிடுகிறது. நமக்கு அது கப்பலேறி வருகிறது. ஆகவே இந்த இயல் முழுவதற்கும் ஒரே அடிப்படை விதி: கருவி காட்டும் எண்ணின் தரம், குழாய் கருவியை எட்டுவதற்கு முன்பே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

7.1 பெயர்களும் எண்களும்

1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள், எதிர்ப்பொருள் சுரக்கும் எலிச் செல்லையும் ஓயாமல் பெருகும் புற்றுச் செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். ஒரே ஒரு புரதத் துண்டை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் வேண்டிய அளவு கிடைக்கத் தொடங்கியது. இதுவே மோனோகுளோனல் ஆன்டிபாடி. 1984இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதன்பின் ஒவ்வோர் ஆய்வகமும் தான் உருவாக்கிய எதிர்ப்பொருளுக்குத் தன் விருப்பப்படி பெயர் சூட்டியது. ஓகேடி4, லியூ3, டி4 என்று மூன்று பெயரில் வழங்கியது ஒரே புரதம்தான். 1982இல் பாரிஸில் கூடிய பன்னாட்டுப் பயிலரங்கு இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. ஒரே புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள்களைத் தொகுத்து, அந்தப் புரதத்துக்கு ‘சிடி’ என்ற முன்னொட்டுடன் வரிசை எண் கொடுத்தார்கள். இன்று அந்த வரிசை 370ஐத் தாண்டிவிட்டது. அன்றாட வேலைக்கு இவை போதும்:

• சிடி45: எல்லா வெள்ளணுக்களிலும் உண்டு, லிம்போசைட்டில் மிக அடர்த்தி. முதிர்ந்த சிவப்பணுவில் இல்லை.
• சிடி3: டி செல்லின் முத்திரை.
• சிடி4: உதவி டி செல்.
• சிடி8: கொல்லும் டி செல்.
• சிடி19, சிடி20: பி செல். ரிடக்சிமாப் என்ற புற்று மருந்து பற்றுவது சிடி20ஐத்தான்.
• சிடி16, சிடி56: இயற்கைக் கொல்லி செல்.
• சிடி14: மோனோசைட்.
• சிடி34: ரத்தத்தின் மூலச்செல்.
• சிடி38, எச்எல்ஏ-டிஆர்: டி செல்லின் மேல் இவ்விரண்டும் சேர்ந்து தோன்றினால், அது தூண்டப்பட்ட நிலையில் இருக்கிறது.

7.2 ஒரு குறியை மட்டும் நம்பாதீர்கள்

புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதல் பிழை, சிடி4 இருந்தால் உதவி டி செல் என்று முடிவுகட்டுவது. மோனோசைட்டிலும் சிடி4 உண்டு, அளவு சற்றுக் குறைவு, அவ்வளவுதான். சிடி4ஐ மட்டும் எண்ணினால் மோனோசைட்டும் கணக்கில் ஏறிவிடும். நோயாளியின் உதவிச் செல்கள் குறையக் குறைய இந்தப் பிழையின் பங்கு பெரிதாகும். யாருக்குச் சரியான எண் உயிர்ப் பிரச்சினையோ அவருக்கே தவறான எண் போய்ச் சேரும். அதனால் சிடி3உம் சிடி4உம் சேர்ந்தே இருக்கும் செல்லைத்தான் எண்ண வேண்டும்.

சிடி8உம் அப்படியே. இயற்கைக் கொல்லி செல்களில் ஒரு பகுதி சிடி8ஐ மங்கலாகக் காட்டும். சிடி3 இல்லாததால் அவற்றைப் பிரித்துவிடலாம். சிடி56ஐ எடுத்துக்கொண்டால், சில டி செல்களிலும் அது உண்டு. சிடி3 இல்லாமல் சிடி56 இருந்தால்தான் இயற்கைக் கொல்லி செல். ஒரு செல் இன்னது என்று சொல்ல, அதில் இருக்கும் புரதத்தோடு அதில் இல்லாத புரதத்தையும் பார்த்தாக வேண்டும்.

7.3 ஊசி குத்திய நிமிடத்திலிருந்து கணக்கு

ரத்தம் குழாயில் ஏறியதுமே செல்கள் சாகத் தொடங்கிவிடுகின்றன. முதலில் சிதைபவை நியூட்ரோபில்கள். அவற்றின் சிதிலங்கள் லிம்போசைட் இருக்கும் பகுதியில் வந்து கலக்கும். செத்த செல் எந்த எதிர்ப்பொருளையும் ஒட்டவிடும் இயல்புடையது, இல்லாத புரதம் இருப்பதுபோல் காட்டும். இடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்துக்குப் பெரும்பாலான சிடி4 கிட்டுகள் தரும் கெடு 48 மணி நேரம். உங்கள் கிட்டின் இணைப்புத்தாள் இதைவிடக் குறைவாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

இந்தக் கெடுவை நம் வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். டிக்லிபூரிலிருந்து போர்ட் பிளேருக்கு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகருக்கு, சாலை வழியாகச் சுமார் 300 கி.மீ. வழியில் ஜாரவா காப்பகத்தை வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில், கான்வாயாக மட்டுமே கடக்கலாம். கடைசிக் கான்வாயைத் தவறவிட்ட குழாய் ஓரிரவு காத்துக் கிடக்கும். கார் நிக்கோபார் சுமார் 270 கி.மீ. தெற்கே இருக்கிறது, கேம்ப்பெல் பே 500 கி.மீ.க்கும் அப்பால். அங்கிருந்து கப்பல் என்று புறப்படும் என்பதைப் பருவமழையும் சேர்ந்துதான் முடிவு செய்யும். மெயின்லேண்ட் ஆய்வகத்துக்கு அனுப்புவதானால், சென்னைக்குக் கப்பல் போய்ச்சேர ஏறத்தாழ 3 நாள் ஆகும். உயிருள்ள செல்லைப் பரிசோதிக்க வேண்டிய மாதிரிக்கு விமானம் ஒன்றே வழி.

ஆகவே ரத்தம் எடுக்கும் முன் இந்த வரிசையில் யோசியுங்கள்:

1. வண்டி, கப்பல், ஹெலிகாப்டர், விமானம் ஆகியவற்றின் நேரத்தை முதலில் விசாரியுங்கள். புறப்பாட்டுக்கு நெருக்கமான வேளையில் ரத்தம் எடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை எடுத்து, திங்கள்கிழமை திறக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள்.

2. ஊதா மூடி இடிடிஏ குழாயில் குறித்த கோடுவரை நிரப்பி, 8 முதல் 10 முறை மென்மையாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கக் கூடாது. சிறு கட்டி விழுந்தாலும் அந்தக் குழாய் பயன்படாது. செல்கள் கட்டிக்குள் சிக்கி எண்ணிக்கை குறைந்துவிடும்.

3. எடுத்த தேதியோடு எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். நேரம் எழுதாத குழாயைப் பெறும் ஆய்வகம் மறுக்க வேண்டும்.

4. குளிர்பெட்டியில் உறைபனிக்கட்டி போடாதீர்கள். இந்த ரத்தத்துக்கு வேண்டியது அறை வெப்பநிலை, 18 முதல் 25 டிகிரி செல்சியஸ். தடுப்பூசிக்குப் பழகிய கை பனிக்கட்டியைத்தான் முதலில் தேடும். இங்கே அது செல்களைக் கெடுக்கும். நம் ஊரில் ஆபத்து வெயிலும்தான்: கப்பல் மேல்தளமும் நிறுத்தி வைத்த வண்டியின் உட்புறமும் குழாய்க்குச் சூளை. தடித்த தெர்மகோல் பெட்டி, அறை வெப்பத்தில் வைத்த ஜெல் பைகள், நடுவில் குழாய் என்று அடுக்குங்கள்.

5. குழாயைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, அதன்மேல் கசியாத உறை, வெளியே உறுதியான பெட்டி என்று மூன்றடுக்காகக் கட்டுங்கள்.

6. ஒரே நோயாளியைத் தொடர்ந்து கண்காணிக்கும்போது, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வேளையில் ரத்தம் எடுங்கள். சிடி4 எண்ணிக்கை காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருப்பது இயல்பு. கப்பல் நாளுக்காக ஒருமுறை மாலையில் எடுத்தால் அதைத் தாளில் குறியுங்கள்.

எதிர்ப்பொருள் புட்டிக்கு வேண்டியது நேர்மாறு: 2 முதல் 8 டிகிரி குளிர், இருட்டு, உறையவே கூடாது. ஒளிரும் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும். இரு சாயங்களைப் பிணைத்துச் செய்த கூட்டுச் சாயங்கள் இன்னும் நொய்மையானவை. மின்வெட்டு நேர்ந்தால் குளிர்சாதனப் பெட்டியில் எத்தனை மணி நேரம் குளிர் தாங்கும் என்பதை முன்பே சோதித்து, பெட்டியின் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

7.4 சாயமேற்றும் முறை

கீழே இருப்பது கழுவாத முறை. எண்ணிக்கைக்கு இதுவே ஏற்றது, ஏனெனில் ஒவ்வொரு கழுவலிலும் செல்கள் போகும். அளவுகள் எடுத்துக்காட்டுக்காக, உங்கள் கிட்டின் தாள் சொல்வதே இறுதி.

1. கையுறை, மேலங்கி, கண்ணாடி. ஒவ்வொரு குழாயிலும் கிருமி இருப்பதாகவே எண்ணுங்கள்.

2. எண்ணிக்கை தெரிந்த மணிகள் உள்ள குழாயில், சிடி3, சிடி4, சிடி45 எதிர்ப்பொருள் கலவை 20 மைக்ரோலிட்டர் விடுங்கள்.

3. ரத்தத்தை மெல்லக் கவிழ்த்துக் கலந்து, 50 மைக்ரோலிட்டர் எடுத்து விடுங்கள். பிப்பெட்டின் பொத்தானை இரண்டாம் நிறுத்தம்வரை அழுத்தி உறிஞ்சி, முதல் நிறுத்தம்வரை மட்டும் வெளியேற்றுங்கள். முனையின் வெளியே ஒட்டிய ரத்தத்தைத் துடைத்துவிடுங்கள். குழாயின் சுவரில் ரத்தம் படக் கூடாது.

4. மூடி, மென்மையாகக் கலக்கி, இருட்டில் அறை வெப்பத்தில் 15 நிமிடம் வையுங்கள்.

5. சிவப்பணுவை உடைக்கும் கரைசல் 450 மைக்ரோலிட்டர் சேர்த்து, மீண்டும் இருட்டில் 15 நிமிடம். கரைசல் தெளிந்து இளஞ்சிவப்பாக வேண்டும். கலங்கலாக இருந்தால் சிவப்பணு உடையவில்லை.

6. கருவியில் ஏற்றுமுன் மறுபடி கலக்குங்கள். மணிகள் அடியில் தங்கிவிட்டால் கணக்கே பொய்யாகும்.

கழிவு பற்றி ஓர் எச்சரிக்கை. சிவப்பணு உடைக்கும் கரைசல்கள் பலவற்றில் அமோனியம் குளோரைடு உண்டு. அதன்மேல் ப்ளீச் ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே கேனில் சேர்க்காதீர்கள். ஊசிகள் துளைபடாத வெள்ளைக் கலனுக்கே போக வேண்டும்.

7.5 கருவி பார்ப்பதும் நாம் கணக்கிடுவதும்

ஃப்ளோ சைட்டோமீட்டர் செல்களை ஒற்றை வரிசையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றின்மேலும் லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறது. நேராகச் சிதறும் ஒளி செல்லின் பருமனைச் சொல்லும். பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே உள்ள மணிகளின் செறிவைச் சொல்லும். எதிர்ப்பொருளில் கட்டிய சாயம் தன் நிறத்தில் ஒளிரும். 488 நானோமீட்டர் நீல லேசரில் எஃப்ஐடிசி சாயம் பச்சையாகவும், பிஇ சாயம் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்டும் ஒளிரும். பச்சையில் ஒரு பகுதி அடுத்த நிறத்தின் வாயிலுக்குள் கசியும். ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாக ஏற்றிய குழாய்களை ஓட்டி, அந்தக் கசிவை அளந்து கழிக்க வேண்டும். இந்தக் கழித்தலைச் செய்யாமல் இரட்டை ஒளிர்வு கண்டேன் என்று எழுதாதீர்கள்.

திரையில் முதல் வேலை, சிடி45 அடர்த்தியாகவும் பக்கச் சிதறல் குறைவாகவும் உள்ள கூட்டத்தைச் சுற்றி வேலி போடுவது. அவை லிம்போசைட்டுகள். பயணத்தில் வாடிய ரத்தத்தில் பருமனை மட்டும் கொண்டு வேலி போட்டால் சிதிலமும் உள்ளே வந்துவிடும். சிடி45 இருந்தால் பிரிவு தெளிவாகத் தெரியும். அடுத்து அந்த வேலிக்குள் சிடி3 உள்ளவற்றை எடுத்து, அவற்றுள் சிடி4 உள்ளவற்றை எண்ணுங்கள்.

இனிக் கணக்கு. குழாயில் இருந்த மணிகள் 50,000 என்று வைத்துக்கொள்வோம். கருவி எண்ணிய மணிகள் 5,000. எண்ணிய உதவி டி செல்கள் 2,000. விட்ட ரத்தம் 50 மைக்ரோலிட்டர்.

2,000 ÷ 5,000 = 0.4
50,000 ÷ 50 = 1,000
0.4 × 1,000 = 400

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 400 செல்கள். இதே கணக்கில் பிப்பெட் 50க்குப் பதில் 45 மைக்ரோலிட்டர் விட்டிருந்தால் விடை 360 ஆகியிருக்கும். உண்மையில் 210 உள்ளவருக்கு 189 என்று எழுதிவிடுவோம். 7.8இல் விளக்கும் 200 என்ற கோட்டைத் தாண்டுகிறாரா இல்லையா என்பதை அந்த 5 மைக்ரோலிட்டர் தீர்மானித்துவிடும்.

7.6 எண்ணை வெளியிடுமுன்

• சிடி8ஐயும் அளந்திருந்தால், சிடி4 விழுக்காட்டையும் சிடி8 விழுக்காட்டையும் கூட்டுங்கள். சிடி3 விழுக்காட்டுக்கு நெருங்கி வர வேண்டும். 10 புள்ளிக்கு மேல் விலகினால் நிறுத்திக் காரணம் தேடுங்கள்.
• டி, பி, இயற்கைக் கொல்லி செல்கள் மூன்றையும் அளந்திருந்தால், கூட்டுத்தொகை லிம்போசைட்டில் 100 விழுக்காட்டை ஒட்டி வர வேண்டும்.
• தினமும் காலையில், அளவு தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டுங்கள். அது தவறினால் அன்று எந்த முடிவையும் வெளியிடாதீர்கள்.
• கூட்டங்கள் ஒன்றோடொன்று மங்கிக் கிடந்தால், மாதிரியின் வயதை முதலில் பாருங்கள், எதிர்ப்பொருளின் காலாவதியைப் பிறகு, கருவியைக் கடைசியில்.
• பின்புலம் முழுதும் ஒளிர்ந்தால், செத்த செல்களோ, எதிர்ப்பொருளின் வாலைப் பற்றும் ஏற்பிகளோ காரணம். முன்னதற்கு, நிலைப்படுத்தாத செல்லில் 7-ஏஏடி சாயமேற்றிச் செத்தவற்றைக் கழியுங்கள். பின்னதற்கு, ஏற்பித் தடுப்பானை முதலில் இடுங்கள்.

7.7 குழாய் வர முடியாத இடத்துக்குக் கருவி

கெடுவுக்குள் குழாய் வந்து சேராது என்று தெரிந்தால், ரத்தம் எடுத்து வீணாக்குவதைவிட, பரிசோதனையை நோயாளியிடம் கொண்டுபோவதே நேர்மை. பிமா போன்ற கையடக்கக் கருவியில் விரல் நுனியில் எடுத்த 25 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், 20 நிமிடத்தில் எண் வரும். உள்ளே நடப்பது நாம் மேலே செய்ததுதான்: சிடி3, சிடி4 இரண்டையும் ஒளிரவைத்து, படமெடுத்து எண்ணுகிறது. விசிடெக்ட் பட்டைக்குக் கருவியே வேண்டாம். 200க்கு மேலா கீழா என்று மட்டும், 40 நிமிடத்தில் சொல்லும். மோனோசைட்டை முதலில் தடுத்து நிறுத்திவிட்டே சிடி4ஐ அளக்கிறது; 7.2இல் படித்த எச்சரிக்கை அந்தப் பட்டைக்குள்ளும் வேலை செய்கிறது. உலர்ந்த ரத்தப் பொட்டை இதற்கு அனுப்பாதீர்கள். வைரஸின் மரபுப்பொருளைத் தேட அது உதவலாம். உலர்ந்த செல்லின் மேலுறையைப் படிக்க முடியாது.

7.8 எண்ணுக்குப் பின்னால் உள்ள மனிதர்

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்து தரத் தொடங்கியபோது, யாருக்கு மருந்து என்பதைப் பெரும்பாலும் சிடி4 எண்ணே முடிவுசெய்தது. 2017 முதல், எண் எதுவானாலும் தொற்று உறுதியானவர் அனைவருக்கும் மருந்து உண்டு. அதனால் சிடி4 பரிசோதனை தேவையற்றதாகிவிடவில்லை. 200க்குக் கீழே போனவருக்குக் காசநோயும் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலும் நெருங்கி நிற்கின்றன. அவரைக் கண்டுபிடித்து உடனே மருத்துவரிடம் சொல்வது நம் கையில் இருக்கிறது.

ரத்தப் புற்றிலும் இதே கலைதான். எலும்பு மச்சையில் பெருகியது பி செல்லா, டி செல்லா, மைலாய்டு வகையா என்பதைச் சிடி19, சிடி3, சிடி33, சிடி34 முதலானவற்றின் சேர்க்கை சொல்லும். சிகிச்சை அதைப் பொறுத்தது. எலிக்காய்ச்சலில் காமா-டெல்டா என்ற வகை டி செல்கள் பெருகுவதைப் பிற நாட்டு ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. 1983 முதல் போர்ட் பிளேரில் இயங்கும் ஐசிஎம்ஆர் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையம், ஒருகாலத்தில் அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று அழைக்கப்பட்டது எலிக்காய்ச்சலே என்று நிறுவிய இடம். இந்தக் கலையைக் கற்ற இளைஞர்களுக்கு அந்த நோயில் இங்கேயே வேலை காத்திருக்கிறது.

இரண்டு கடமைகளை மறக்காதீர்கள். சிறு தீவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். குழாயில் பெயர் இருந்தால், படகோட்டிக்கே செய்தி தெரிந்துவிடும். குறியீட்டு எண் மட்டும் ஒட்டுங்கள். எச்ஐவி நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. இரண்டாவது, ஜாரவா, ஓங்கே, சோம்பேன், பெரிய அந்தமானியர், சென்டினலியர் ஆகியோரின் பகுதிகளை 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை காக்கிறது. அவர்களின் ரத்தம் அரிய ஆய்வுப்பொருள் என்ற ஆசையில் எவரும் ஒரு துளிகூட எடுக்கக் கூடாது. சிகிச்சைக்காக எடுத்த ரத்தத்தை, முறையான அனுமதியும் அவர்களுக்குப் புரியும் மொழியில் பெற்ற ஒப்புதலும் இல்லாமல் ஆராய்ச்சிக்குத் திருப்பவும் கூடாது.

கமோர்த்தாவில் ஒரு தாய் விடியலில் ஜெட்டிக்கு வந்து, கை நீட்டி, ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் குழாயில் இருக்கும் செல்கள் 48 மணி நேரம் நமக்காகக் காத்திருக்கும், அதற்குமேல் காத்திருக்கா. நேரத்தை எழுதுங்கள், பனிக்கட்டியை விலக்குங்கள், இருட்டில் வையுங்கள், 50 மைக்ரோலிட்டர் என்றால் 50ஆகவே விடுங்கள். சந்தேகம் இருந்தால் எண்ணை வெளியிடாமல் மறுபடி ரத்தம் கேளுங்கள். இன்னொரு முறை கை நீட்டச் சொல்வது அந்தத் தாய்க்குச் சிரமம்தான். தவறான எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவது அதைவிடப் பெரிய தீங்கு.